கேமரா திரும்பாத கடல்

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை நண்பகல். மியான்மரின் சகாயிங் பகுதியில் 7.7 அளவில் பூமி குலுங்கியது. மண்டலே நகரின் மடாலயங்களும் மசூதிகளும் பள்ளிகளும் சரிந்தன. 3,600 பேருக்கு மேல் மாண்டார்கள். ரமலான் மாதத்தின் கடைசி வெள்ளி என்பதால் தொழுகைக்குக் கூடியவர்கள் மீதே மசூதிகள் இடிந்து விழுந்தன.

மறுநாள், மார்ச் 29. அந்தமானின் குர்மா தேரா கடற்கரையிலிருந்து ஒரு அமெரிக்க இளைஞர் காற்றடைத்த படகில் மோட்டார் பொருத்தி, பழங்குடிகள் மட்டும் வாழும், வெளியார் யாருக்கும் அனுமதியில்லாத வட சென்டினல் தீவுக்குப் போனார். கரையில் ஐந்து நிமிடம் நின்றார். ஒரு தேங்காயையும் ஒரு டயட் கோக் கேனையும் மணலில் வைத்தார். விசில் அடித்துப் பார்த்தார், யாரும் வரவில்லை. கொஞ்சம் மணலை அள்ளிக்கொண்டு, எல்லாவற்றையும் கேமராவில் பதிந்துகொண்டு திரும்பினார். இரண்டு நாளில் போலீஸ் பிடித்தது.

இந்த இரண்டு செய்திகளில் எது அந்தமானை நம் வீட்டு டிவிக்குக் கொண்டுவந்தது என்று சொல்லத் தேவையில்லை. கோக் கேன்தான். ஏப்ரல் முதல் வாரம் முழுக்க அம்பு, வில், ‘மர்மத் தீவு’, ‘திரும்பி வர முடியாத தீவு’ என்று சேனல்கள் பழைய கோப்புப் படங்களைத் தூசு தட்டி ஓட்டின. நிலநடுக்கத்தைக் காட்டவில்லையா என்றால், காட்டின. ஆனால் திரும்பத் திரும்ப ஓடியது பாங்காக் காட்சிதான். கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி பொடிப்பொடியாகச் சரிவது, மொட்டைமாடி நீச்சல்குளத்துத் தண்ணீர் அருவியாகக் கொட்டுவது. படம் நன்றாக இருந்த இடம் பாங்காக். பிணங்கள் கிடந்த இடம் மண்டலே.

அதே வார இறுதியில் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, அதாவது 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று நாம் அழைத்த ஊரிலிருந்து, ஐ.என்.எஸ். கார்முக் என்ற போர்க்கப்பலும் எல்.சி.யு. 52 என்ற தரையிறங்கு கலமும் நிவாரணப் பொருட்களோடு யாங்கூனை நோக்கிப் புறப்பட்டன. ‘ஆபரேஷன் பிரம்மா’ என்று பெயர். அந்தமானின் துறைமுகத்திலிருந்து உலகின் பெரும் துயரம் ஒன்றை நோக்கிக் கப்பல் கிளம்பிய அந்தக் காட்சிக்குக் கிடைத்த நேரம், கோக் கேனுக்குக் கிடைத்த நேரத்தின் அருகில்கூட வராது.

மத்திய அந்தமானில் மாயாபந்தர் பக்கம் வேபி என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1925-ல் பர்மாவிலிருந்து வெள்ளையர் அரசு கொண்டுவந்து குடியேற்றிய கரேன் மக்களின் ஊர். நூறாண்டு ஆகியும் வீட்டில் கரேன் மொழி, தேவாலயத்தில் கரேன் பாட்டு. மியான்மரில் நிலம் அதிர்ந்தால் அது அவர்களுக்கு அயல்நாட்டுச் செய்தி ஆகாது. ஒரு செய்தியாளர் மைக்கோடு வேபிக்குப் போயிருந்தால், இந்தியக் குடிமக்களின் வாயால் மியான்மரின் கதையைக் கேட்டிருக்கலாம்.

அந்தமான் நிகோபார் என்பது சென்னையிலிருந்து ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் சுற்றுலாத் தலம் என்றுதான் நமக்குத் தெரியும். வரைபடத்தை விரித்தால் வேறு கதை தெரியும். வடக்கு நுனியிலிருந்து மியான்மரின் கோகோ தீவுகள் கூப்பிடு தூரம். தெற்கு நுனியான இந்திரா முனையிலிருந்து இந்தோனேசியாவின் சுமத்ரா ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டர். கிழக்கே தாய்லாந்து. மலாக்கா நீரிணைக்குப் போகும் உலகத்தின் சரக்குக் கப்பல்கள் கிரேட் நிகோபாரை ஒட்டித்தான் போகின்றன. இந்தியாவில் உலகச் செய்தி வாசலுக்கே வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். வங்காளம், இந்திக்கு அடுத்தபடியாக அங்கே அதிகம் பேசப்படுவது தமிழ்; 2011 கணக்கெடுப்பின்படி தீவுவாசிகளில் ஏறத்தாழ 15 சதவீதம் தமிழர்கள். இருந்தும் நம் சேனல்களில் அந்தத் தீவுகள் எப்போது தலைகாட்டுகின்றன? அம்பு பாய்ந்தால், அல்லது நட்சத்திரம் யாராவது தேனிலவுக்குப் போனால்.

ஒரே வாரத்தில் மூன்று செய்திகள்

2018 நவம்பர் 16 அதிகாலை. கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறியது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. அதற்கு முந்தைய இரண்டு நாட்கள், நவம்பர் 14, 15-ல், இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் தீபிகா படுகோன்–ரன்வீர் சிங் திருமணம். டெல்லி, மும்பை சேனல்களில் ஏரிக்கரை மாளிகையும் மணப்பெண்ணின் புடவையும் ஓடிக்கொண்டிருந்தன. டெல்டா மக்கள் கூரை இல்லாமல் மழையில் நின்றபோது, ‘தேசிய’ சேனல்களில் எங்களைக் காணோமே என்று தமிழ்நாடே குமுறியது பலருக்கு நினைவிருக்கும்.

அதே நவம்பர் 16-ம் தேதிதான் ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க மதப் பிரசாரகர் வட சென்டினல் கரையில் கடைசியாக உயிரோடு காணப்பட்டார். மறுநாள் காலை, அவர் உடலைத் தீவுவாசிகள் மணலில் இழுத்துச் செல்வதை மீனவர்கள் தூரத்திலிருந்து பார்த்தார்கள். அவரைக் கொண்டுபோய் விட 25,000 ரூபாய் வாங்கிய மீனவர்கள் உட்பட ஏழு பேர் கைதானார்கள். 21-ம் தேதி செய்தி வெளியே வந்ததும் உலகச் சேனல்கள் எல்லாம் அந்தமான் பக்கம் திரும்பின.

சாவ் மரணம் முக்கியமான செய்திதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் வேர் எங்கே இருந்தது? சில மாதங்களுக்கு முன், 2018 ஆகஸ்டில், வெளிநாட்டவர் சிறப்பு அனுமதி பெற்றே போகவேண்டும் என்ற கட்டுப்பாட்டை மத்திய அரசு 29 தீவுகளுக்குத் தளர்த்தியது. அந்தப் பட்டியலில் வட சென்டினலும் இருந்தது. பழங்குடிகள் பாதுகாப்புச் சட்டமும் வனச் சட்டமும் தொடர்ந்து தடை விதித்தன என்றாலும், இந்தத் தளர்வு ஏன், யார் கேட்டு, யாரைக் கேட்காமல் செய்யப்பட்டது என்பதுதான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. வெளியுலக நோய்களுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒரு சிறு குழுவுக்குச் சாதாரண ஃப்ளூ காய்ச்சல்கூட ஊழியாக முடியலாம். இதையெல்லாம் எழுதியவை நாளிதழ்களும் இணைய இதழ்களும். டிவி காட்டியது அம்பை.

இதைவிட வேதனையான முன்கதை ஒன்று உண்டு. 2012 ஜனவரியில் லண்டனின் ‘அப்சர்வர்’ இதழ் ஒரு வீடியோவை வெளிக்கொண்டு வந்தது. அந்தமான் டிரங்க் ரோட்டில், சுற்றுலா வண்டிகளின் முன்னால், சோற்றுக்காக ஜாரவா பழங்குடிப் பெண்களை ஆடச் சொல்லும் காட்சி. நாடே கொதித்தது, நியாயமான கொதிப்பு. ஆனால் அந்தப் பெண்களின் மானம் பறிபோனதைக் கண்டித்த அதே சேனல்கள், அந்த வீடியோவைத்தான் மணிக்கணக்கில் ஓட்டின. ஜாரவா காட்டை ஊடறுத்துப் போகும் அந்தச் சாலையின் பகுதிகளை மூடச்சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-லேயே உத்தரவிட்டிருந்தது. பத்து ஆண்டு அது நிறைவேற்றப்படாமல் கிடந்த கதைக்கு வீடியோ இல்லை. அதனால் நேரமும் இல்லை.

படகுகள்

அந்தமான் கடலில் மிதந்தவர்களைப் பற்றி இனிப் பேச வேண்டும்.

மியான்மரில் குடியுரிமை மறுக்கப்பட்டு, 2017-ல் ராணுவத் தாக்குதலில் லட்சக்கணக்கில் வங்கதேசத்துக்கு ஓடிய ரோஹிங்யாக்கள், காக்ஸ் பஜார் முகாம்களிலிருந்து மலேசியாவையும் இந்தோனேசியாவையும் நம்பி ஓட்டைப் படகுகளில் ஏறுகிறார்கள். வழி, அந்தமான் கடல். 2021 பிப்ரவரி 11-ல் ஏறத்தாழ 90 பேரோடு கிளம்பிய ஒரு படகின் எஞ்சின் நடுக்கடலில் நின்றது. இந்தியக் கடலோரக் காவல்படை கண்டுபிடித்தபோது எட்டுப் பேர் இறந்திருந்தார்கள். மிச்சம் 81 பேர். நம் கப்பல்கள் உணவும் தண்ணீரும் மருந்தும் கொடுத்தன. ஆனால் எந்தக் கரையும் அவர்களை ஏற்கவில்லை. 113 நாள் கடலில் கழித்து, ஜூன் மாதம் இந்தோனேசியாவின் ஆச்சே கரையில் ஒதுங்கினார்கள். நம் கடலில் நம் கப்பல்கள் பக்கத்தில் நின்று நடந்த இந்தக் கதையை எத்தனை வாசகர்கள் டிவியில் பார்த்திருப்பார்கள்?

அடுத்த ஆண்டு டிசம்பரில் இன்னொரு படகு. 2022 நவம்பர் 25-ல் புறப்பட்டது. அதுவும் எஞ்சின் நின்று அந்தமான்–நிகோபார் பக்கம் அலைந்தது. படகிலிருந்தவர்களின் உறவினர்கள் சாட்டிலைட் ஃபோனில் கேட்ட அழுகையைச் சமூக வலைத்தளங்களில் பகிர்ந்தார்கள். குழந்தைகள் பசியில் சாகிறார்கள், யாராவது காப்பாற்றுங்கள் என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் சுற்றியுள்ள நாடுகளிடம் திரும்பத் திரும்ப மன்றாடியது. அதே டிசம்பரில், 12-ம் தேதி, ‘பதான்’ படத்தின் ஒரு பாட்டு வெளியானது. அதில் கதாநாயகி அணிந்த நீச்சலுடையின் நிறம் என்ன, அது யாரைப் புண்படுத்துகிறது என்று நாட்டின் பிரைம் டைம் விவாதங்கள் நாள் கணக்கில் நடந்தன. சாமியார்கள், கட்சிக்காரர்கள், நடிகர்கள் எல்லோரும் கட்டம் கட்டமாக உட்கார்ந்து கத்தினார்கள். டிசம்பர் 26-ல் அந்தப் படகு 174 பேரோடு ஆச்சேயில் கரை சேர்ந்தது. வழியில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்து கடலில் விடப்பட்டதாகப் பிழைத்தவர்கள் சொன்னார்கள்.

அப்புறம் 2025 மே. பஹல்காம் படுகொலைக்குப் பின் ‘ஆபரேஷன் சிந்தூர்’. எல்லையில் உண்மையான போர்ச்சூழல். மக்களுக்குச் சரியான தகவல் உயிர்போலத் தேவைப்பட்ட நாட்கள். மே 8 இரவு பல சேனல்கள் என்ன செய்தன? கராச்சித் துறைமுகம் தரைமட்டம் என்றன. பாகிஸ்தான் ராணுவத் தளபதி கைது என்றன. இஸ்லாமாபாத் வீழ்ந்தது என்றன. கிராஃபிக்ஸ் விமானங்களும் சைரன் ஒலியும் ஸ்டுடியோக்களில் பறந்தன. விடிந்தபோது எதுவும் நடந்திருக்கவில்லை. பூஞ்ச்சில் பாகிஸ்தான் ஷெல் வீச்சில் இறந்த மதரசா ஆசிரியர் ஒருவரையே ‘பயங்கரவாதி’ என்று சில சேனல்கள் காட்டின; அது பொய் என்று பூஞ்ச் போலீஸ் அறிக்கை விட வேண்டியதாயிற்று.

அந்த நாட்களில்தான் அந்தமான் கடலைப் பற்றி மிகக் கடுமையான ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. டெல்லியில் பிடிக்கப்பட்ட சுமார் 40 ரோஹிங்யாக்கள் கண்ணும் கையும் கட்டப்பட்டு விமானத்தில் அந்தமான் கொண்டுவரப்பட்டு, கடற்படைக் கப்பலில் ஏற்றப்பட்டு, மியான்மர் கரைக்கு அருகே உயிர்காப்பு அங்கியோடு கடலில் இறக்கிவிடப்பட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. மியான்மருக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் மே 15-ல் விசாரணை தொடங்குவதாக அறிவித்தார். மறுநாள் உச்ச நீதிமன்றம், ஆதாரம் எங்கே என்று கேட்டு, இந்தக் கதையை நம்புவதற்கில்லை என்ற தொனியில் கருத்துச் சொன்னது. உண்மையா, கட்டுக்கதையா? இந்த மாதிரி நேரத்துக்குத்தானே செய்தியாளர் என்று ஒருவரை வைத்திருக்கிறோம்! ஸ்ரீ விஜயபுரத்துக்கு ஒரு குழுவை அனுப்பி, துறைமுகத்தில் விசாரித்து, குற்றச்சாட்டு பொய்யென்றால் பொய் என்று நிறுவியிருக்கலாம். மெய்யென்றால் மெய் என்று. நடக்காத கராச்சித் தாக்குதலுக்கு ஓர் இரவு முழுவதையும் கொடுத்த பெரிய சேனல்களின் பிரைம் டைமில் இதற்கு இடமில்லாமல் போனது.

காரணம் டிஆர்பி மட்டுமா?

சேனல்காரர்களிடம் கேட்டால் ஒரே பதில்: மக்கள் இதைத்தான் பார்க்கிறார்கள், டிஆர்பி அதைத்தான் சொல்கிறது. இதைச் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. 2020 அக்டோபரில், ரேட்டிங்கில் மோசடி என்று மும்பை போலீஸ் வழக்குப் போட்டதும், செய்திச் சேனல்களுக்கான வாராந்தர ரேட்டிங்கை, அதைக் கணக்கிடும் பார்க் (BARC) அமைப்பு நிறுத்தியது. 2022 மார்ச் வரை, ஏறக்குறைய பதினேழு மாதம், செய்திச் சேனல்களுக்கு டிஆர்பியே இல்லை. அந்தக் காலத்தில்தான் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, ஆப்கானிஸ்தான் தாலிபான் வசம் போனது, ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. ரேட்டிங் என்ற நுகத்தடி கழுத்தில் இல்லாத அந்தப் பதினேழு மாதங்களில் பிரைம் டைம் மாறியதா? இல்லை. அதே ஆறு கட்டம், அதே இரைச்சல். ஆகவே பழியைப் பார்வையாளர் தலையில் மட்டும் போட முடியாது.

உண்மைக் காரணம் செலவு. விவாத நிகழ்ச்சிக்கு ஒரு நெறியாளர், ஒரு ஸ்டுடியோ, வீடியோ இணைப்பில் நாலைந்து பேர் போதும். கிரேட் நிகோபாரின் கேம்பெல் பேவுக்கு ஒரு குழு போக விமான டிக்கெட், அதற்குமேல் கப்பலில் ஒன்றரை, இரண்டு நாள், பழங்குடிப் பகுதிக்கு அனுமதி, காத்திருப்பு, கடல் கொந்தளித்தால் இன்னும் காத்திருப்பு. இத்தனைக்கும் பிறகு வரும் செய்தியில் சண்டை இருக்காது. அரசை நோகடிக்கும் விஷயம் இருக்கலாம். அரசு விளம்பரம் வாங்கும் சேனலுக்கு அது இன்னொரு சங்கடம். 2022 நவம்பரில் வந்த மத்திய அரசின் ஒளிபரப்பு வழிகாட்டுதல், சேனல்கள் தினமும் அரை மணி நேரம் பொதுநலன் சார்ந்த நிகழ்ச்சி ஒளிபரப்ப வேண்டும் என்கிறது. கல்வி, விவசாயம், சுகாதாரம், அறிவியல் என்று எட்டுத் தலைப்புகள் அதில் உண்டு. உலக நடப்பு அந்த எட்டில் இல்லை.

தமிழர்களுக்கு இதெல்லாம் பாடம் எடுக்க வேண்டிய விஷயம் அல்ல. 2009 ஏப்ரல், மே மாதங்களில் முள்ளிவாய்க்காலில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, டெல்லிச் சேனல்களுக்கு மக்களவைத் தேர்தலும், தென்னாப்பிரிக்காவில் நடந்த ஐ.பி.எல். கிரிக்கெட்டும் போதுமாக இருந்தன. அந்த மணல்திட்டில் என்ன நடந்தது என்ற காட்சிகளை உலகத்துக்குக் காட்டியது ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சி. நம் வீட்டுப் பிணங்களைக் கேமரா தவிர்த்தால் எப்படி வலிக்கும் என்பது நமக்குத் தெரியும். அந்த வலி தெரிந்த நாமே மண்டலேயையும் சூடானையும் அதே மாதிரி கடந்துபோவது சரியில்லை. சூடானில் 2023 ஏப்ரலில் போர் வெடித்தபோது, ‘ஆபரேஷன் காவேரி’ மூலம் இந்தியர்கள் திரும்பி வரும் வரை விமான நிலையத்தில் மைக்குகள் நீண்டன. கடைசி இந்தியர் இறங்கியதும் சூடானும் முடிந்துபோனது. அங்கே போர் முடியவில்லை. உலகத்திலேயே மிகப் பெரிய இடப்பெயர்வாக அது வளர்ந்தது.

கச்சாலும் கலாத்தியாவும்

நிகோபாரில் கச்சால் என்று ஒரு தீவு. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்களில் ஒரு பகுதியினரை அரசு குடியேற்றிய ரப்பர் தோட்டம் அங்கேதான் இருக்கிறது. 2000 ஜனவரி 1-ல் புத்தாயிரத்தின் முதல் சூரிய உதயம் கச்சாலில்தான் என்று விளம்பரம் செய்யப்பட்டு அந்தத் தீவு செய்தியில் அடிபட்டது. அதோடு கேமரா மறந்தது. ஐந்து ஆண்டு முடியச் சில நாட்கள் இருந்தபோது, 2004 டிசம்பர் 26, சுனாமி. நிகோபார் தீவுகளில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தவற்றில் கச்சாலும் ஒன்று. அந்த நாட்களில் உலகம் பார்த்த நிகோபார்–அந்தமான் படம் எது? கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரைப் பார்த்து அம்பை உயர்த்தும் ஒரு சென்டினலியரின் படம். அவர் பிழைத்திருந்தார் என்பது மகிழ்ச்சி. தெற்கே ஆயிரக்கணக்கில் மாண்டவர்களின் முகம் நம் நினைவில் பதியவே இல்லை.

சுனாமியில் இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் கீழே இறங்கியது. கலங்கரை விளக்கின் அடி கடலுக்குள் நின்றது. அதற்கு அருகில், கலாத்தியா விரிகுடாவில்தான் இன்று சரக்குப் பெட்டக மாற்று முனையம் வரப்போகிறது. கூடவே விமான நிலையம், மின் நிலையம், புது நகரம். தொடக்க மதிப்பீடு 72,000 கோடி ரூபாய். 130 சதுர கிலோமீட்டர் காடு. வெட்டப்படவுள்ள மரங்கள் 9.64 லட்சம் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அதற்கு ஈடான காடு வளர்ப்பு, மழைக்காடே இல்லாத ஹரியானாவில். தோல்முதுகு ஆமைகள் முட்டையிடும் அந்த விரிகுடாவின் சரணாலயத் தகுதி 2021 ஜனவரியில் நீக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி 229 பேர் மட்டுமே இருந்த ஷோம்பென் பழங்குடி மக்களின் காடு அது. சுனாமியில் ஊரை இழந்து தற்காலிகமாக இடம் மாற்றப்பட்ட கிரேட் நிகோபாரியர்கள், எங்கள் பழைய ஊருக்கே திருப்பி அனுப்புங்கள் என்று இன்றும் கேட்கிறார்கள்.

இத்திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது 2022 நவம்பர் 11. மறுநாள் டெல்லி மெஹ்ரோலி கொலை வழக்கில் இளைஞர் ஒருவர் கைதானார். ஃப்ரிட்ஜ், ரம்பம், உண்மை கண்டறியும் சோதனை என்று அடுத்த பல வாரங்கள் சேனல்கள் அதிலேயே குடியிருந்தன. நவம்பர் 22-ல் கிரேட் நிகோபார் பழங்குடிக் குழு, முழு விவரம் சொல்லாமல் எங்களிடம் சம்மதம் வாங்கினார்கள், அதைத் திரும்பப் பெறுகிறோம் என்று கடிதம் எழுதியது. அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு பிரைம் டைம் விவாதம் நடந்திருந்தால், திட்டத்தை ஆதரிப்பவர்கள் மலாக்கா நீரிணையின் வர்த்தக, ராணுவ முக்கியத்துவத்தைச் சொல்லியிருப்பார்கள். எதிர்ப்பவர்கள் நிலநடுக்க மண்டலத்தையும் ஷோம்பென்களையும் சொல்லியிருப்பார்கள். இரண்டு பக்கமும் கேட்க வேண்டியவையே. நாடு எதையும் கேட்கவில்லை.

தீவுகளில் பத்திரிகையாளர்கள் இல்லாமல் இல்லை. ‘அந்தமான் க்ரானிக்கிள்’, ‘தி லைட் ஆஃப் அந்தமான்ஸ்’ போன்ற சிறு ஏடுகள் இதையெல்லாம் ஆண்டுக்கணக்கில் எழுதியிருக்கின்றன. 2020 ஏப்ரலில், கொரோனா நோயாளியோடு ஃபோனில் பேசியதற்காக ஒரு குடும்பத்தை வீட்டில் அடைத்துவைத்தது ஏன் என்று ட்விட்டரில் கேட்ட உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அத்தனை ஆபத்தையும் தாங்கி அவர்கள் சேகரிக்கும் செய்தியை எடுத்துப் போடக்கூட மெயின்லேண்ட் சேனல்களுக்கு மனம் வருவதில்லை.

சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். 2020 ஆகஸ்டிலிருந்து சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் 2,312 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் வேலை செய்கிறது. நேரலைக்குச் சாட்டிலைட்டை மட்டும் நம்பியிருக்க வேண்டிய காலம் போய்விட்டது. இத்தனை தமிழ்ச் செய்திச் சேனல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றாவது அங்கே ஒரு முழுநேரச் செய்தியாளரை நியமிக்கட்டும். வாரத்துக்கு அரை மணி நேரம் வங்கக் கடலுக்கு அப்பாலுள்ள உலகத்துக்கு ஒதுக்கட்டும். வாசகர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. செய்திச் சேனல்களுக்கு எதிரான புகார்களை விசாரிக்க, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் செய்தி ஒளிபரப்பு, டிஜிட்டல் தரநிலை ஆணையம் இருக்கிறது. சேனலுக்கு முதலில் எழுதுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் ஆணையத்துக்கு எழுதுங்கள். சுஷாந்த் சிங் ராஜ்புத் மரணத்தை வைத்துக் கூத்தடித்த சேனல்களை 2020-ல் மன்னிப்புக் கேட்க வைத்தவை அத்தகைய புகார்கள்தான்.